கீழே கடை, மேலே வீடு: இரண்டு கம்ப்யூட்டர்களும் பேச மறுக்கும்போது



முன்பெல்லாம் கடையில் சிட்டை எழுதுவோம், வீட்டில் பேரேடு எழுதுவோம். கோவையில் ரங்கே கவுடர் வீதி, பெரியகடை வீதிப் பக்கம் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவு கதவு சாத்தியதும் சிட்டையும் பில் புத்தகமும் ஒரு மஞ்சள் பையில் மாடிக்கு ஏறிப் போகும். எங்கள் தகப்பனார் சாப்பிட்டு முடித்துப் பேரேட்டைப் பிரித்தால் பதினொரு மணி ஆகிவிடும். பையும் ஒன்று, சிட்டையும் ஒன்று. ஆகவே எது சரியான கணக்கு என்ற கேள்வியே அந்நாளில் எழுந்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்தபின் மஞ்சள் பையின் இடத்தைப் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மஞ்சள் பையில் போனது அசல் சிட்டை. பென்டிரைவில் போவது அதன் நகல். கீழே ஒரு நகலில் பில் போடுகிறோம், மேலே இன்னொரு நகலில் வீட்டார் கணக்கைத் திருத்துகிறார்கள். மூன்றாம் நாள் எது அசல், எது நகல் என்று இருவருக்குமே தெரியாது. இதற்கு மாற்று, ஃபைலை ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, மற்றக் கம்ப்யூட்டர் வயர் வழியாகவோ வைஃபை வழியாகவோ அதே ஃபைலைத் திறப்பது. இதைத்தான் ஷேரிங் என்கிறார்கள். ஓடும்வரை சுகமான ஏற்பாடு. ஒரு நாள் நின்றுபோனால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்பதே இந்தப் பாடம். எங்களுக்குப் பள்ளிப் படிப்புத்தான். இங்கே சொல்வதெல்லாம் மருமகளிடம் கேட்டும், சொந்தக்காரப் பையன்களிடம் கேட்டும், நட்டப்பட்டும் கற்றவை.

2022-ஆம் ஆண்டு, ஆடி பிறந்திருந்த நேரம், ஜூலை 19-ஆம் தேதி இரவு. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பில் போடும் கம்ப்யூட்டர் கீழே கல்லாவுக்குப் பக்கத்தில். கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் மேலே வீட்டில். மருமகள் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்: "மாமா, கீழ இருக்கற ஃபோல்டரு தெறக்க மாட்டேங்குதுங்க." நெட் வருகிறதா என்று கேட்டோம். வருகிறது என்றார். கீழேயும் வந்தது. இரண்டிலும் நெட் வரும்போது ஒன்று மற்றொன்றை ஏன் பார்க்கவில்லை என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் மருமகளே கீழே இறங்கி வந்து, கல்லாவுக்கு அருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரவு ஒரு மணிக்குத் தாக்கலை முடித்தார்.

மறுநாள் பழுது பார்க்க ஒருவர் வந்தார். அவரைக் குறை கூறிப் பெயர் சொல்வது நம் நோக்கமல்ல, அவசரப்படுத்தியது நாங்கள்தான். அவர் கடைக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலை அணைத்தார். கணக்கு ஃபோல்டரை மட்டும் பகிர்ந்திருந்ததை மாற்றி, டி டிரைவ் முழுவதையும் பகிர்ந்து, "எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்" என்று வைத்தார். அதாவது யார் வந்தாலும் எதையும் எடுக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அப்படியும் மேலிருந்து கீழே தெரியவில்லை. சாயங்காலம் மறுபடி வருகிறேன் என்று போனவர் வரவில்லை. திறந்தவை எல்லாம் திறந்தபடியே நின்றன. அதன் விலையைப் பின்னால் சொல்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தங்கை மகன் வந்திருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். அவர் கீபோர்டைத் தொடவே இல்லை. கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த ஆன்டெனா வெச்ச பொட்டி எப்பங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். போன வாரம் என்றோம். கிடங்குப் பக்கம் வைஃபை எட்டவில்லை என்று வாங்கி மாட்டிய புது ரூட்டர் அது. "அதுதானுங்க" என்று சிரித்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மூன்று கேள்விகள்

அவர் அன்று சொல்லிக்கொடுத்த முறை இதுதான். ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றின் ஃபோல்டரைத் திறக்க மூன்று காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். முதலில் பாதை வேண்டும். அடுத்து, போக வேண்டிய இடத்தின் விலாசம் தெரிய வேண்டும். மூன்றாவது, அங்கே உள்ளே விட வேண்டும். ஈரோட்டுக்கு லாரி அனுப்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு அடைத்திருக்கும்போது கிடங்கின் பூட்டை உடைத்து என்ன பயன்? எங்கள் வீட்டில் அன்று நடந்தது அதுவே. பழுது பாதையில், திறந்துவிட்டது பூட்டை.

ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்ததைத் தாளில் எழுதுங்கள். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழுது பார்க்க வருபவரிடமும் என்னென்ன மாற்றினார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சரக்குக்குப் பில் கேட்கிறோம், இதற்குக் கேட்பதில்லை.

பாதை

முதல் தப்பு, நெட் வருகிறதே, ஆகவே நெட்வொர்க் சரி என்று நினைப்பது. நெட் என்பது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வெளியே போகும் வழி. வீட்டுக்குள் ஒன்றுக்கொன்று இருக்கும் வழி வேறு. இரண்டு வீட்டுக்கும் மெயின் ரோடு இருக்கலாம், நடுவில் மதில் சுவரும் இருக்கலாம்.

அந்தச் சுவர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கம்ப்யூட்டரில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்று (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற இங்கிலீஷ் எழுத்துகளை இடைவெளியின்றி) அடித்து என்டர் தட்டினால், 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியில் நான்கு பகுதி கொண்ட ஒரு எண் வரும். இரண்டு கம்ப்யூட்டரிலும் இதைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள். மேலே 192.168.1.5, கீழே 192.168.1.10 என்றிருந்தால் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகள் தெருவின் பெயர் மாதிரி. கடைசிப் பகுதி கதவு எண் மாதிரி.

எங்கள் வீட்டில் மேலே 192.168.1 என்றும் கீழே 192.168.0 என்றும் தொடங்கியது. நெட் கம்பெனி கொடுத்த பெட்டி ஒரு தெருவை நடத்தியது. நாங்கள் வாங்கி மாட்டிய ரூட்டர் அதற்குள்ளேயே தனியாக இன்னொரு தெருவை உண்டாக்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கீழிருந்து மேலே போக முடியும், மேலிருந்து கீழே வர முடியாது. உங்கள் கடையிலும் இப்படி ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், இரண்டாவது ரூட்டர் எங்காவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். தீர்வு சுலபம். புது ரூட்டர்கள் பலவற்றில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரு வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் அது தனித் தெரு நடத்தாமல், இருக்கும் தெருவையே நீட்டிக்கொடுக்கும். அந்த வசதி இல்லாத ரூட்டரில், எண் விநியோகிக்கும் டிஎச்சிபி என்பதை நிறுத்தி, ரூட்டரின் சொந்த எண்ணைப் பழைய தெருவில் யாருக்கும் இல்லாத எண்ணாக மாற்றி, மேலிருந்து வரும் கேபிளை 'வேன்' துளையிலிருந்து எடுத்து 'லேன்' துளையில் செருக வேண்டும்.

இதே மாதிரி இன்னொரு சுவர், விருந்தினர் வைஃபை. வாடிக்கையாளர்கள் யுபிஐயில் பணம் அனுப்பட்டும் என்று பலர் 'கெஸ்ட்' வைஃபை கொடுத்திருக்கிறோம், நல்ல காரியம். அந்த வைஃபையில் இருப்பவர்களுக்கு நம் கம்ப்யூட்டர்கள் தெரியக்கூடாது என்பதே அதன் ஏற்பாடு. நம் லேப்டாப்பையே தவறுதலாக அதில் சேர்த்துவிட்டால், அதுவும் அந்நியன்தான்.

எண் 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். உடனே வயரைப் பாருங்கள். கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கேபிளை வேறு துளையில் மாற்றிப் பாருங்கள். கோடை மழை இடியில் ஒரே ஒரு துளை மட்டும் கருகிப்போய், மற்றவை நன்றாக ஓடுவதை இரண்டு தடவை பார்த்திருக்கிறோம். அடுத்த சந்தேகம் எலி. மளிகைக் கிடங்கில் எலி இல்லை என்று சொல்பவர் கிடங்கு வைத்திருக்காதவர். கேபிளைப் பிவிசி குழாய்க்குள் விட்டு, சுவரின் மேல்பக்கமாகக் கொண்டுபோங்கள். ஃப்ரீசருக்கோ மோட்டாருக்கோ போகும் கரன்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. கிடங்கு அதைவிடத் தள்ளியிருந்தால் நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வைக்க வேண்டும்.

வைஃபையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் கடையில் கம்ப்யூட்டர் திடீரென நத்தையாக ஊர்ந்தது. வைரஸ் என்றார்கள், பழைய மெஷின் என்றார்கள். பார்த்தால், பண்டிகைக்கு வந்திறங்கிய 15 கிலோ எண்ணெய் டின்களை ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கூரைவரை அடுக்கியிருந்தோம். டின் அடுக்கு என்பது தகரச் சுவர். வைஃபை அதைத் தாண்டத் திணறும். தண்ணீர் பாட்டில் அடுக்கும் சிக்னலை விழுங்கும். சரக்கு விற்க விற்க வேகம் கூடியது! அந்த வருடமே கல்லாவுக்குக் கேபிள் இழுத்துவிட்டோம். கணக்கு எழுதும் கம்ப்யூட்டர்கள் இரண்டும் கேபிளில் இருப்பதே நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் கணக்கு ஃபைல் பழுதாக இடமுண்டு.

விலாசம்

பாதை சரி, இரண்டும் ஒரே தெரு. ஆனாலும் 'நெட்வொர்க்' என்ற ஜன்னலைத் திறந்தால் மற்றக் கம்ப்யூட்டரின் பெயர் வரவில்லை. இங்கேதான் பலர் பயந்துபோய் ஆளைக் கூப்பிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். அந்த ஜன்னல் பெயர்ப்பலகைதான். பலகை விழுந்துவிட்டது என்றால் கடை இல்லை என்று ஆகிவிடாது.

ஃபைல்கள் தெரியும் ஜன்னலின் மேலே விலாசம் காட்டும் நீளப் பட்டையில், இடப்பக்கம் சாய்ந்த கோடு இரண்டைப் போட்டு, கடைக் கம்ப்யூட்டரின் எண்ணை இப்படி அடியுங்கள்: \\192.168.1.10. என்டர் தட்டியதும் ஃபோல்டர் வந்துவிட்டால், பழுது பெயர்ப்பலகையில் மட்டுமே. பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் கடைக் கம்ப்யூட்டரின் 'சர்வீசஸ்' பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதைத் தேடி, அது தானாகத் தொடங்கும்படி 'ஆட்டோமேட்டிக்' என்று வைக்கலாம். எங்களுக்கு எண்ணே போதும். ஃபோல்டர் ஒருமுறை திறந்தபின் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' மூலம் அதை இசட் டிரைவ் என்று நிரந்தரமாக வைத்துக்கொண்டோம்.

அந்த எண் மாறிவிடுவதுதான் இங்கே வரும் தொல்லை. ரூட்டர் எண்ணை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. கரன்ட் போய் எல்லாம் அணைந்து மறுபடி எரியும்போது, நேற்று 10 என்று இருந்த கம்ப்யூட்டருக்கு இன்று 7 கிடைக்கலாம். மேலே இருக்கும் கம்ப்யூட்டர் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். 80070035 என்று முடியும் எண்ணோடு, பாதை கிடைக்கவில்லை என்று திரையில் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கரன்ட் வெட்டான மறுநாள் காலையில் ஷேரிங் நின்றால் முதலில் எண்ணைப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, ரூட்டரின் பக்கத்துக்குள் சென்று 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணைச் சொந்தமாக ஒதுக்கிவிடுவது. ரூட்டரையும் சிறிய யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

சில சமயம் எண்ணும் சரியாக இருக்கும், கம்ப்யூட்டரே தூங்கியிருக்கும். கல்லாவில் அரைமணி நேரம் யாரும் தொடவில்லை என்றால் அது தூக்கத்துக்குப் போகும்படி வைத்திருப்பார்கள். 'பவர்' அமைப்பில் 'ஸ்லீப்' என்பதற்கு 'நெவர்' என்று வையுங்கள். திரை மட்டும் அணையட்டும்.

பூட்டு

இனிதான் பூட்டுக்கு வருகிறோம். நம் பணம் போகும் இடமும் இதுவே. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

விண்டோஸ் ஒரு புது வைஃபையில் சேரும்போது அதைப் பொதுவாக 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும். ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து யாரையும் உள்ளே விடாது. வீட்டு நெட்வொர்க் என்று நாம்தான் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்று சென்று, அந்த இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' உள்ளே 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும். ரூட்டரை மாற்றினால் இது மறுபடி பப்ளிக் ஆகிவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் தீர்ந்திருக்க வேண்டிய பழுதுக்கு ஃபயர்வாலையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வாசலில் வாட்ச்மேன் நம்மைத் தடுக்கிறார் என்றால் நம் முகத்தை அவருக்குக் காட்ட வேண்டுமே அல்லாமல், அவரை வேலையை விட்டே நிறுத்தக்கூடாது.

அடுத்து யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இங்கே தினமும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்க அடிக்கும் நாலு எண் 'பின்' இங்கே செல்லாது. அது அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இயங்கும் கம்ப்யூட்டரானால் அந்த இமெயில் முகவரியும் அதன் முழு பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத யூசர் என்றாலும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக விடாது. இதற்கெல்லாம் ஒரே வழியாக, கடைக் கம்ப்யூட்டரில் 'கணக்கு' என்ற பெயரில் தனியாக ஒரு லோக்கல் யூசரை உண்டாக்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்து, மேலே கேட்கும்போது அதைக் கொடுத்தோம். பழைய தப்பான பாஸ்வேர்டு மேலேயுள்ள கம்ப்யூட்டரின் நினைவில் தங்கியிருந்தால் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் போய் அதை நீக்க வேண்டும்.

உள்ளே வந்த பிறகும் 'பெர்மிஷன் இல்லை' என்று சொன்னால், பூட்டு இரண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' பக்கத்தில் ஒன்று, 'செக்யூரிட்டி' பக்கத்தில் ஒன்று. வெளி கேட்டும் உள்ளறைக் கதவும் மாதிரி. இரண்டும் திறந்தால்தான் சரக்கு வெளியே வரும். இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். 'கணக்கு' யூசருக்கு இரண்டு இடத்திலும் அனுமதி கொடுங்கள். எவ்ரிஒன் வேண்டாம்.

டேலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சில்வர் லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டருக்கானது. இரண்டு பேர் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கணக்கு எழுத கோல்டு வேண்டும். லைசென்ஸ் விஷயத்தில் வரும் தடையை நெட்வொர்க் பழுது என்று நினைத்து நாளைக் கழிக்காதீர்கள்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையது தெரியாமல் போவது இப்போது அடிக்கடி வரும் புகார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பலர் மெஷினை மாற்றியிருக்கிறோம். 2024-இல் வந்த 24எச்2 என்ற விண்டோஸ் 11 பதிப்பின் புரோ வகை, பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' இணைப்புகளை ஏற்காது. மறுமுனை ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்கும். ரூட்டரின் பின்னால் பென்டிரைவ் செருகிப் பகிர்ந்துகொண்டிருந்தவர்களுக்கும், பழைய டிஸ்க் பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் அது திடீரென நின்றுபோனது இதனால்தான். அந்தப் பெட்டியில் யூசர், பாஸ்வேர்டு வைத்து, அதன் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்காகவே விண்டோஸ் எக்ஸ்பி மெஷினை இன்னும் ஓட்டுகிறவர்களும் நம்மில் உண்டு. எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி என்ற பகிர்வு முறையின் முதல் பதிப்பை மட்டுமே. 2017-இன் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே அதைப் புதிதாக நிறுவும்போது பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதை மறுபடி போட்டுக்கொடுங்கள் என்று ஆளிடம் கேட்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2017 மே 12-ஆம் தேதி புறப்பட்ட வான்னாக்ரை, அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தாவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் பரவியது. ஆந்திரக் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள்.

திறந்து கிடந்ததன் விலை

இப்போது எங்கள் கதையின் மீதி. ஜூலையில் திறந்துவிட்ட டி டிரைவை யாரும் மறுபடி பார்க்கவில்லை. ரூட்டர் சரியானதும் எல்லாம் ஓடியது. ஓடுகிறதைத் தொடாதே என்று நாங்களே சொன்னோம்.

2023 பொங்கல் முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. மாடிக் கம்ப்யூட்டருக்கு இன்வாய்ஸ் என்ற பெயரில் ஒரு இமெயில் வந்தது. நமக்குத் தினமும் பத்து இன்வாய்ஸ் வருகிறது, திறந்தாயிற்று. ஒரு மணி நேரத்தில் மாடியில் இருந்த ஃபைல்கள் எல்லாம் பெயர் மாறிப் பூட்டிக்கொண்டன. கீழே கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏதும் இல்லை. ஆனாலும் அதன் டி டிரைவில் இருந்தவையும் பூட்டிக்கொண்டன. மாடியிலிருந்து எழுதும் அனுமதி இருந்த இடமெல்லாம் போனது.

சரியான பூட்டு இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். மாடியிலிருந்து கணக்கு எழுத அனுமதி வேண்டும். ஆகவே கணக்கு ஃபோல்டர் எப்படியும் போயிருக்கும். ஆனால் தினமும் இரவு எடுத்த நகல்களை அதே டி டிரைவில் வேறொரு ஃபோல்டரில் வைத்திருந்தோம். அதைப் பகிர வேண்டிய அவசியமே இல்லை. டிரைவ் முழுவதையும் திறந்துவிட்டதால் நகல்களும் சேர்ந்து போயின.

எங்களைக் காப்பாற்றியது, ஞாயிறுதோறும் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, இரும்புப் பெட்டியில் வைக்கும் ஒரு டிஸ்க். கேட்ட பணத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டரையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டு, டிஸ்க்கிலிருந்து கணக்கை ஏற்றினோம். தொலைந்தவை திங்கள் முதல் வியாழன் காலை வரையிலான பில்கள். இ-வே பில் போட்டுப் போன பெரிய லோடுகளின் விவரம் அரசுத் தளத்திலேயே கிடைத்தது. சிறு கடைகளுக்குக் கடனில் கொடுத்த சரக்குகளுக்குத்தான் கணக்கில்லை. கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று எங்கள் பக்கத்து இரண்டாவது தாளைப் பிரின்ட் எடுப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தோம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் நாலு நாள் கணக்கைக்கூட வைத்திருக்கவில்லை.

அன்னூர், சூலூர், கிணத்துக்கடவு, தொண்டாமுத்தூர் என்று ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் போட்டோம். நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நாமே கேட்பது எவ்வளவு கூச்சம் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் ஆள் என்ன சொல்வாரோ என்று தயங்கித்தான் பேசினோம். சூலூர்ப் பக்கம் ஒரு பெரியவர், "அதுக்கென்னங்க, உங்க பில்லு ஆணியில குத்தி வெச்சிருக்கறனுங்க. எடுத்துட்டு வந்து படிக்கறன், எழுதிக்கோங்க" என்றார். சர்க்கரை, கடலைப்பருப்பு, மிளகாய் என்று வரிவரியாகப் படித்தார். வண்டிக்கூலி 60 ரூபாயைக்கூட விடவில்லை. அந்த வாரத்திலேயே ஏறக்குறைய முழுக் கணக்கும் திரும்ப வந்துவிட்டது. இரண்டு பேர் மட்டும் பில் கிடைக்கவில்லை என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையையே எழுதிக்கொண்டோம்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி இருக்கிறது. கணக்கு ஃபோல்டர் ஒன்றுக்குத்தான் ஷேரிங். 'கணக்கு' யூசருக்கு மட்டும் அனுமதி. ஃபயர்வால் இரண்டிலும் போட்டபடி. நகல் எடுக்க இரண்டு டிஸ்க். ஒன்று எப்போதும் பெட்டிக்குள், ஒன்று இரவில் மட்டும் செருகப்படும். கடன் பில்லுக்கு இரண்டாவது தாள் மறுபடி பிரின்ட் ஆகிறது. சூலூர்ப் பெரியவரைப் பார்த்து நாங்களும் ஒரு ஆணி அடித்திருக்கிறோம். கல்லாவின் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று கேள்விகளும், கடைக் கம்ப்யூட்டரின் எண்ணும், ரூட்டரை மாற்றிய தேதியும், கடைசியாக யார் வந்து என்ன மாற்றினார் என்பதும் இருக்கும். பாஸ்வேர்டு அதில் இல்லை. அது மருமகளிடம் ஒன்று, இரும்புப் பெட்டியில் ஒன்று.

பிரின்டரைப் பகிர்ந்துகொள்வது பற்றியும் சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அதன் கோளாறுகள் வேறு வகை, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். அதுவரை, பிரின்டர் தெரியவில்லை என்றால் அதை இணைத்திருக்கும் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.